ஊசி காக்கும் மீனும் கரை காக்கும் இறாலும்

நார்வேயின் சால்மன் கூண்டையும் நம் கிழக்குக் கடற்கரையின் இறால் குளத்தையும் சேர்த்துப் பேசும் வழக்கம் குறைவு. ஒன்று குளிர்ந்த ஃபியோர்டில் மிதக்கிறது. மற்றொன்று உப்பனாற்றங்கரையில் வெயில் காய்கிறது. ஒன்றில் வளர்வது ஐந்து கிலோ எட்டும் மீன். மற்றொன்றில் வளர்வது கிலோவுக்கு நாற்பது, ஐம்பது நிற்கும் ஓட்டுடலி. அங்கே கடலில் ஒன்றேகால் ஆண்டு, ஒன்றரை ஆண்டு. இங்கே குளத்தில் நான்கு மாதம். ஆனால் நோய் என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டுப் பார்த்தால், இரண்டு வரலாறுகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. இரண்டு தொழில்களும் ஏறத்தாழ பத்தாண்டு இடைவெளியில் நோயால் நிலைகுலைந்தன, இரண்டும் மீண்டன, மீண்ட வழிகளோ நேர் எதிரானவை. அந்த எதிரெதிர் வழிகள் இன்று எங்கே வந்து நிற்கின்றன என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

குஞ்சோடு வந்த நோய்

நார்வேயில் கொப்புளநோய் பரவிய கதை 1985இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வாங்கிய சால்மன் குஞ்சுகளோடு ஏரோமோனாஸ் சால்மோனிசிடா என்ற பாக்டீரியாவும் கரையேறியது. அதற்கு முன்பே ஹிட்ரா தீவைச் சுற்றிய பண்ணைகளில் குளிர்கால விப்ரியோ நோய் தலைகாட்டியிருந்தது. தொழில் வேகமாக வளர்ந்த காலம், குஞ்சுக்குத் தட்டுப்பாடு, கிடைத்த இடத்தில் வாங்கினார்கள்.

இந்தியாவில் வெள்ளைப்புள்ளி நோய் 1994-95இல் இறங்கியது. 1992ஐ ஒட்டிக் கிழக்காசியாவில் முதலில் தெரிந்த வைரஸ், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆசியக் கடற்கரைகள் பலவற்றை எட்டிவிட்டது. நாடுவிட்டு நாடு போன இறால் குஞ்சும் தாய் இறாலும் அதற்கு வண்டியாயின. இங்கும் தொழில் வேகமாக வளர்ந்த காலம். இங்கும் குஞ்சு கிடைத்தால் போதும் என்ற அவசரம். நெல்லூர் முதல் தூத்துக்குடி வரை, ஓட்டில் வெண்புள்ளி தெரிந்த மூன்று முதல் பத்து நாளில் குளம் முழுவதும் செத்துப்போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் ஒற்றுமை இதுதான். இரண்டு இடத்திலும் நோய் கடலிலிருந்து தானாக வரவில்லை. காசு கொடுத்து வாங்கிய குஞ்சுக்குள் இருந்து வந்தது. ஆகவே குஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதே நோய்த்தடுப்பின் முதல் கேள்வி என்ற பாடத்தை இருவரும் பெருநட்டத்தோடுதான் கற்றார்கள். வேற்றுமை அடுத்த படியில் வருகிறது. நார்வேயைத் தாக்கிய பகை பாக்டீரியா. அதற்கு மருந்து உண்டு. இந்தியாவைத் தாக்கிய பகை வைரஸ். அதற்கு மருந்தே இல்லை. மருந்து இருந்தவர்கள் அதை அள்ளிக் கொட்டினார்கள். 1987இல் ஏறத்தாழ அரை லட்சம் டன் மீனை வளர்க்க நார்வே சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக் செலவிட்டது. ஒரு டன் மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ மருந்து. மருந்து இல்லாதவர்களோ குளத்தை வெறுமையாக விட்டுவிட்டு நின்றார்கள்.

உள்ளே ஒரு கவசம், வெளியே ஒரு வேலி

நார்வே கண்ட தீர்வை ஒரு மேசை மேல் பார்க்கலாம். கடலுக்குத் தயாராகும் குஞ்சுகளைச் சில நாள் தீனி நிறுத்தி வைத்து, மயக்க நீரில் விட்டு, மேசையில் மல்லாத்துகிறார்கள். அடிவயிற்றின் நடுக்கோட்டில், இடுப்புத் துடுப்புக்குச் சற்று முன்னால் ஊசி இறங்குகிறது. உள்ளே போவது எண்ணெயில் கலந்த தடுப்புமருந்து, ஒரு மில்லி லிட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதிலும் பாதி. ஒரே ஊசியில் பல நோய்களுக்கான காப்பு சேர்ந்திருக்கும். இப்போது இயந்திரமும் இதைச் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு மீனும் தனித்தனியாக ஊசியின் முன் வந்தே ஆகவேண்டும். அத்தோடு உடனே கடலுக்கு அனுப்பவும் முடியாது. தண்ணீரின் வெப்பநிலையை நாள்களால் பெருக்கி, அது சுமார் 500 வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்து டிகிரி நீரென்றால் ஐம்பது நாள். மீனின் இரத்தம் தன் பகையை நினைவில் வைத்துக்கொள்ள அத்தனை காலம் பிடிக்கிறது.

இறாலுக்கு அந்த நினைவு கிடையாது. எதிரணுக்களை உண்டாக்கி, வந்த நோயை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் அமைப்பு முதுகெலும்புள்ள விலங்குகளுக்கே உரியது. இறாலின் தற்காப்பு உடனடியானது, பொதுவானது. சால்மனுக்குப் போடுவது போன்ற தடுப்பூசிக்கு அதன் உடம்பில் இடமில்லை. இடமிருந்தாலும் கணக்கு இடிக்கும். சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சு என்ற விதிப்படி ஒரு ஹெக்டேர் குளத்தில் விடக்கூடியது ஆறு லட்சம் இறால். நார்வேயின் ஒரு கூண்டில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் இரண்டு லட்சம் மீன். அங்கே ஒவ்வொரு மீனும் ஊசிச் செலவைத் தாங்கும், இங்கே தாங்காது.

எனவே இந்தியாவில் கவசம் உடலுக்கு வெளியே எழுந்தது. முதலில் விலங்கையே மாற்றினார்கள். காட்டுக் கடலில் பிடித்த தாயை நம்பியிருந்த வரி இறாலை விட்டு, குறிப்பிட்ட நோய்கள் இல்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்து வளர்த்த வனாமித் தாய் இறாலை 2009 முதல் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. விமானத்தில் வரும் அந்தத் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் பிசிஆர் சோதனையைத் தாண்டிய பிறகே ஹேச்சரிக்குப் போகும். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் அந்த வாசலைக் காக்கிறது. அதன் பிறகு குளத்தின் முறை. கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நண்டுவேலி, மேலே பறவைகளைத் தடுக்கும் கயிறு, வாய்க்கால் நீரை நேராக விடாமல் தேக்கிப் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யும் தனிக்குளம், குளத்துக்கு ஒரு வலை, குளத்துக்கு ஒரு வாளி.

இரண்டு காப்புகளுக்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. ஊசி போட்ட சால்மன் தன் காப்பை எங்கு போனாலும் சுமந்துகொண்டு போகிறது. நோயற்ற இறாலிடம் இருப்பதோ நோயின்மை மட்டுமே, எதிர்ப்பு அல்ல. நீலாங்கரையில் தூய்மையாக இருந்த இறாலின் குஞ்சு, கரையைத் தாண்டி ஒரு நோயுற்ற நண்டு வந்தால் மற்ற எந்த இறாலையும் போலவே சாகும். சால்மன் பண்ணையாளர் ஒருமுறை கவசம் அணிவிக்கிறார். இறால் பண்ணையாளர் நான்கு மாதமும் காவல் நிற்கிறார்.

இரண்டு காப்புக்கும் விலையுண்டு என்பதிலோ ஒற்றுமை. எண்ணெய் கலந்த ஊசி சால்மனின் வயிற்றுக்குள் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சில மீன்களில் கருந்தழும்பு விடுகிறது. பிளீச்சிங் பவுடர் வைரஸைச் சுமக்கும் சிற்றுயிர்களோடு குளத்தின் நல்ல பாசியையும் நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடுகிறது. காலியான அந்த இடத்தை விப்ரியோக்கள் முந்திக்கொண்டு பிடிக்கக்கூடும் என்பதால்தான், நீருக்குத் திரும்ப நிறம் வரவைத்து, புரோபயாட்டிக் கலந்து, அதன் பிறகே குஞ்சு விடுகிறார்கள்.

மருந்து விலகிய இரு காரணங்கள்

நார்வேயில் எண்ணெய்த் தடுப்பூசி 1990களின் தொடக்கத்தில் பரவியது. சில ஆண்டுகளுக்குள் 50 டன் ஆன்டிபயாட்டிக் ஓரிரு டன்னாகச் சுருங்கியது. இன்று பதினைந்து லட்சம் டன் அளவுக்கு மீன் வளர்க்கும் நாடு, ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் குறைவான ஆன்டிபயாட்டிக்கோடு அதை முடிக்கிறது. தேவை மறைந்தது, மருந்தும் மறைந்தது.

இந்தியாவில் மருந்து வேறு காரணத்தால் விலகியது. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாட்டிக் உதவாது என்று தெரிந்தும், கைவசம் வேறொன்றும் இல்லாத பதற்றத்தில் ஹேச்சரிகளிலும் குளங்களிலும் அது புழங்கியது. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் எச்சங்களைக் கண்டு ஐரோப்பியத் துறைமுகங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பின. தடை வந்தது, அறுவடைக்கு முன் சோதனை வந்தது. 2016 முதல் இந்திய வளர்ப்பு இறாலின் சரக்குகளில் பாதியைச் சோதிப்பது என்று ஐரோப்பிய ஒன்றியம் இறுக்கியது. வாங்குபவரின் ஆய்வகம்தான் இங்கே மருந்தை விரட்டியது.

இந்த இரண்டில் எது உறுதியான விலகல்? ஊசி தந்த விலகல்தான் என்று சொல்லத் தோன்றும். சிலியைப் பார்த்தால் அந்த உறுதி தளரும். அங்கே வளர்வதும் அதே சால்மன். கையில் இருப்பதும் அதே ஊசித் தொழில்நுட்பம். ஆனால் அங்குள்ள முதன்மைப் பகையான பிஸிரிக்கெட்சியா, மீனின் அணுக்களுக்குள்ளேயே பதுங்கி வாழும் பாக்டீரியா. ஊசி அதனிடம் பெரிதாக எடுபடவில்லை. ஆண்டுக்கு முந்நூறு டன்னுக்கு மேல் ஆன்டிபயாட்டிக் அங்கே செலவாகியிருக்கிறது. நார்வேயின் வெற்றி உழைப்பால் வந்தது என்பது உண்மை. எதிரி ஊசிக்கு அடங்கும் எதிரியாக வாய்த்ததும் அதற்குத் துணை நின்றது.

கொல்லாமல் மெலியவைக்கும் பகை

இரண்டு தொழில்களும் முதல் பகையை வென்று மூச்சுவிட்ட வேளையில் இரண்டாம் பகை வந்தது. இங்கேதான் இரண்டின் உறவும் எதிர்பாராத அளவுக்கு நெருங்குகிறது.

சால்மனுக்கு அது கடல் பேன். தோலையும் சளியையும் தின்று வாழும் இந்த ஒட்டுண்ணிக்குச் செயல்படும் தடுப்பூசி நார்வேயின் கையில் இல்லை. தீனியில் கலந்த மருந்து, குளிப்பாட்டும் மருந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று ஒவ்வொன்றுக்கும் பேன் பழகிக்கொண்டது. இறாலுக்கு அது இஎச்பி என்று பண்ணைக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் நுண்வித்து உயிரி. தாய்லாந்தில் 2009இல் அடையாளம் காணப்பட்ட இது, அடுத்த சில ஆண்டுகளில் இந்தியக் குளங்களுக்கும் வந்து சேர்ந்தது. ஊசியை மீறிப் பேன் வந்தது போல, வேலியை மீறி இது வந்தது. காரணம், இதன் வித்து குளத்தின் சேற்றிலேயே அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். கரை கட்டிக் காத்த இடத்துக்கு உள்ளேயே பகை குடியிருந்தால் வேலி என்ன செய்யும்?

இரண்டுமே வெள்ளைப்புள்ளியைப் போல ஒரே வாரத்தில் முடித்துவிடுவதில்லை, வளர்ச்சியைத் தின்கின்றன. அதனால் இரண்டையும் கண்டுபிடிக்கக் கண்தான் முதல் கருவி. அந்தியில் தீனி சோதிக்கும் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்க்கிற பண்ணைக்காரர், குடலில் தீனிக்கோடு முறியாமல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நீர்மேல் வெள்ளை நூல்போலக் கழிச்சல் மிதந்தால் அவருக்கு முகம் மாறுகிறது. ஒரே நாளில் விட்ட குஞ்சில் ஒன்று விரல் நீளம், இன்னொன்று அதில் பாதி என்று தெரிந்தால் மிச்சமும் புரிந்துவிடுகிறது. நார்வேயின் கூண்டுக்காரரும் கடல்நீர் நான்கு டிகிரிக்கு மேல் இருக்கும் காலமெல்லாம் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கூண்டிலும் மீன்களைப் பிடித்து மயக்கி, உடம்பில் எத்தனை முதிர்ந்த பெண் பேன் என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். சராசரி ஒரு மீனுக்கு 0.5ஐத் தாண்டக்கூடாது, காட்டு சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் வசந்தத்தில் 0.2ஐத் தாண்டக்கூடாது.

வெப்பத்தில் இன்னொரு வியப்பு. வெள்ளைப்புள்ளி வைரஸ் குளிரில் வலுக்கும். நீர் 32, 33 டிகிரியைத் தொட்டால் அடங்கும் என்பதை ஆய்வகங்கள் காட்டின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு விடத் தயங்கும் நம் பண்ணையாளரின் பழக்கத்துக்கு இதுவும் ஒரு நியாயம். நார்வேயும் அதே வெப்பத்தைத்தான் கையில் எடுத்தது. பேனை உதிர்க்க, சால்மனை 28 முதல் 34 டிகிரி நீரில் அரை நிமிடம் போல ஓட்டுகிறார்கள். ஆனால் இறாலுக்கு இதமான அந்த வெப்பம் சால்மனுக்கு வலி. 28 டிகிரிக்கு மேல் அது துடிப்பதை நார்வே ஆய்வாளர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். 2023இல் நார்வேயின் கடற்கூண்டுகளில் இறந்த சால்மன் 6 கோடியே 28 லட்சம், நூற்றுக்கு 16.7. பேன் நீக்கும்போது படும் காயம் அந்தச் சாவுகளின் முக்கியக் காரணங்களில் ஒன்று. உலகின் மிகச் சிறந்த தடுப்பூசித் திட்டம் நடக்கும் நாட்டின் கணக்கு இது என்பதை மறக்கக்கூடாது.

வழிகள் இடம் மாறுகின்றன

உள்கவசம் போதாது என்று கண்ட நார்வே வெளியே பார்க்கத் தொடங்கியது. இதற்கு முன்மாதிரி அங்கேயே இருந்தது. 1984இல் தோன்றிய சால்மன் இரத்தசோகை வைரஸுக்கு அக்காலத்தில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. குஞ்சு நிலையங்களில் சுத்திகரிக்காத கடல்நீருக்குத் தடை, வெட்டுக்கூடக் கழிவுநீரைக் கிருமிநீக்கம் செய்தல், ஒரு தளத்தில் ஒரே வயது மீன் என்ற கட்டுப்பாடுகளால்தான் 1990களில் அதை அடக்கினார்கள். நம் இறால் குளத்துக் காவலைப் படித்தவருக்கு இந்தப் பட்டியலில் அந்நியமாக எதுவும் தெரியாது. பேன் காலத்தில் அந்தக் கட்டுப்பாடு விரிந்தது. ஒரு தலைமுறை மீனை எடுத்தபின் தளத்தைக் குறைந்தது இரண்டு மாதம் வெறுமையாக விடவேண்டும். ஒரே நீரோட்டத்தைப் பகிரும் பண்ணைகள் சேர்ந்து விடவேண்டும். 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, பேன் காட்டு மீனுக்குச் செய்யும் கேட்டைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறார்கள். பச்சையில் உற்பத்தியைக் கூட்டலாம், சிவப்பில் குறைக்கவேண்டும்.

வெளிக்காவல் போதாது என்று கண்ட இறால் தொழில் உள்ளே பார்க்கத் தொடங்கியது. 1999இல் வெள்ளைப்புள்ளியால் அடிபட்ட எக்குவடார், தூய்மையான தாய் இறாலைத் தேடுவதோடு நிற்காமல், நோய்க்குளத்தில் பிழைத்தவற்றைத் தாயாக்கித் தலைமுறை வளர்த்தது. நினைவில்லாத விலங்குக்கு மரபணுவே நினைவானது. இதே கருவியை நார்வேயும் அறியும். கணையநசிவு நோய்க்கு ஊசி தராத காப்பை, 2009ஐ ஒட்டி ஒரே ஒரு மரபுப் பகுதியைத் தேர்ந்து வளர்த்ததன் மூலம் அங்கே பெற்றார்கள். ஊசிக்காரரும் வேலிக்காரரும் முதன்முதலாக ஒரே கருவியைப் பிடித்த இடம் இனத்தேர்வு.

காலத்தைச் சுருக்குவதிலும் இருவரும் ஒன்றானார்கள். கடலில் இருக்கும் நாள் குறைந்தால் பேனுக்கு அகப்படும் நாளும் குறையும் என்று நார்வே குஞ்சுகளை நிலத்துத் தொட்டிகளிலேயே பெரிதாக்கி அனுப்புகிறது. குளத்தில் இருக்கும் நாள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நம் பண்ணையாளர்களும் நர்சரித் தொட்டியில் சில வாரம் வளர்த்து அதன் பிறகே குளத்தில் விடுகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தெரியவில்லை. ஒரே கணக்கு இருவரையும் ஒரே விடைக்குக் கொண்டுவந்தது.

பக்கத்துப் பண்ணையின் தண்ணீர்

இத்தனையும் அடுக்கிப் பார்த்தபின் எஞ்சும் உண்மை ஒன்று. நிலத்தில் நோய்வாய்ப்பட்ட கன்றைத் தனியே கட்டிவைக்கலாம். நீரைக் கட்டிவைக்க முடியாது. ஃபியோர்டின் நீரோட்டமும் உப்பனாற்று வாய்க்காலும் பக்கத்துப் பண்ணையை நம் பண்ணையாக்கிவிடுகின்றன. உடலுக்குள் தொடங்கிய நார்வேயும் கரையில் தொடங்கிய இந்தியாவும் கடைசியில் வந்து சேர்ந்திருப்பது அண்டையாரிடம்.

சட்டம் வந்த வழியும் இரண்டிடமும் ஒத்திருக்கிறது. இறால் பண்ணைகள் நன்னீரையும் விளைநிலத்தையும் கெடுக்கின்றன என்று காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பு நோயைத் தடுக்க எழுந்ததல்ல. ஆனால் அதன் தொடர்ச்சியாக 2005இல் சட்டம் பெற்று, சென்னையிலிருந்து இயங்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம்தான் இன்று குஞ்சின் அடர்த்திக்கும் கழிவுநீருக்கும் விதி சொல்கிறது. நார்வேயின் மூவண்ண முறையும் காட்டு சால்மனைக் காக்க எழுந்தது. பண்ணையின் நோய்க்கும் அதுவே கடிவாளம். ஆனால் திசை எதிர். நண்டுவேலி காட்டிலிருந்து பண்ணையைக் காக்கிறது. பேன் வரம்பு பண்ணையிடமிருந்து காட்டைக் காக்கிறது.

நடைமுறையில் பெரிய வேற்றுமை ஒன்று மிஞ்சுகிறது. நார்வேயில் சில பெரிய நிறுவனங்கள் பெரும்பங்கு மீனை வளர்க்கின்றன. ஒவ்வொரு தளத்தின் பேன் எண்ணிக்கையும் எவரும் பார்க்கும்படி பொதுவெளியில் வாராவாரம் வெளியாகிறது. இந்தியாவில் பெரும்பாலோர் இரண்டு ஹெக்டேருக்குள் குளம் வைத்திருப்பவர்கள். குளத்தில் வெண்புள்ளி தெரிந்தால், இறால் விற்கும் அளவுக்கு இருந்தால் இரவோடிரவாகப் பிடித்து விற்பதும், நீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் திறந்துவிடுவதும் நடக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது அதைச் செய்பவரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. செய்தியை மறைப்பதால்தான் அவர் பிழைக்க முடிகிறது என்ற ஏற்பாடே மாறவேண்டியது.

மாற்ற முடியும் என்பதற்குச் சான்று இங்கேயே உண்டு. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் மொகல்தூர்ப் பகுதி விவசாயிகள் 2002ஐ ஒட்டி ஒரு வாய்க்காலைப் பகிரும் குளங்களைச் சங்கமாக்கினார்கள். சோதித்த குஞ்சைச் சேர்ந்து வாங்கினார்கள். ஒரே வாரத்தில் விட்டார்கள். நோய் வந்தால் ஒருவருக்கொருவர் சொன்னார்கள். பெரிய நிறுவனங்களும் அரசும் சேர்ந்து நார்வேயில் செய்த வேலை அது. அந்த அனுபவத்திலிருந்துதான் 2007இல் நிலையான நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய மையம் உருவாகி, சிறு விவசாயிகளின் சங்கங்களைக் கடற்கரை நெடுக எடுத்துச்சென்றது.

எனவே எது மேல் என்ற கேள்விக்கு என் விடை இது: காப்பின் கருவியில் நார்வே முன்னே நிற்கிறது, அது மீன் தந்த வசதி. கருவி இல்லாத இடத்தில் காவலாலேயே ஒரு பெருந்தொழிலை மீட்டதில் இந்தியா முன்னே நிற்கிறது, அது சிறு விவசாயியின் உழைப்பு. நாம் நார்வேயிடம் கேட்டு வாங்கவேண்டியது ஊசியை அல்ல. வாராவாரம் எண்ணி, எண்ணியதை வெளியே சொல்லும் வழக்கத்தை வாங்கவேண்டும். அதோடு, சொன்னவர் நட்டப்படாமல் இருக்க இழப்பீட்டையும் காப்பீட்டையும் வாய்க்கால் வாரியாக, சங்கம் வாரியாக அமைக்கவேண்டும். நோயை முதலில் சொல்லும் பண்ணையாளருக்கு அதனால் இழப்பு வராது என்ற உறுதி கிடைத்தால், பிளீச்சிங் பவுடரும் நண்டுவேலியும் இதுவரை தந்ததைவிடக் கூடுதலான காப்பை அந்த உறுதி தரும்.